காக்கா தாத்தா ஆன கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, உன் வேலையைப் பத்தி 20 நிமிஷம் பேசணும். ரொம்ப டெக்னிக்கலா போயிடாதப்பா, எல்லாரும் குடும்பத்தோட வர்றாங்க" என்றார். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து 2009-ல் இந்த வாசலைத் தாண்டிப் போனவன். என் வேலை சிக்னல்களோடு. அதைப் பற்றிப் பேசினால் குடும்பத்தோடு வந்தவர்கள் குடும்பத்தோடு தூங்கிவிடுவார்கள். அதனால் வேறொரு சிக்னலைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். ஒரு குழந்தையின் வாயிலிருந்து வரும் சிக்னல். அது சரியாக வராதபோது என்ன செய்வது என்பதுதான் இன்று என் பேச்சு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட்டும் இல்லை. என் மகளுக்காக 9 மாதம், வாரம் 2 நாள், ஒரு பயிற்சி அறையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன். சும்மா பார்க்காமல், கேள்வி கேட்டுக் கேட்டே அந்த மேடத்தைக் களைப்படைய வைத்தவன். என் பேச்சைக் கேட்டு யாரும் வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டாம். எப்போது, யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டால் அதுவே போதும்.

மழலை இனிமையானது. வள்ளுவரே மக்கட்பேறு அதிகாரத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். எந்தக் குழந்தையும் பிறந்தவுடன் செய்தி வாசிப்பவர் போலப் பேசுவதில்லை. ப, ம போன்ற உதட்டு எழுத்துகள்தான் முதலில் வரும். அதனால்தான் அம்மாவும் அப்பாவும் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுகிறோம். ர, ற, ழ போன்றவை வந்து சேரத் தாமதமாகும். ஒரு பொதுக் கணக்கு இது. 3 வயதில் குழந்தை பேசுவதில் முக்கால்வாசி வெளியாளுக்குப் புரிய வேண்டும். 4 வயதில் ஏறக்குறைய எல்லாமே புரிய வேண்டும். கடினமான ஓரிரு ஒலிகள் மட்டும் 6, 7 வயது வரை இழுக்கலாம்; அதில் தவறில்லை.

இதில் 'வெளியாள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அம்மாவுக்குப் புரிவது கணக்கில் வராது. அம்மாவுக்கு எல்லாம் புரியும். பால்காரருக்குப் புரிகிறதா, ஸ்கூல் ஆட்டோ ஓட்டுபவருக்குப் புரிகிறதா என்பதுதான் கேள்வி.

என் மகளுக்கு 4 வயது முடிந்தபோதும் 'க' என்ற எழுத்தே கிடையாது. 'க' இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'த' உட்கார்ந்திருக்கும். காது 'தாது'. கை 'தை'. பக்கத்து வீட்டு அக்கா 'அத்தா' ஆகிவிட்டாள். காக்கா? 'தாத்தா'! என் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இவள் முருங்கை மரத்தைக் காட்டி, "தாத்தா, தாத்தா!" என்பாள். அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்து வருவார். அமாவாசையன்று என் அம்மா சுவரில் சோறு வைத்துவிட்டு 'கா... கா...' என்று கூப்பிட, இவளும் கூடவே 'தா... தா...' என்பாள். பார்க்கிறவர்கள், "காக்காவுக்குச் சோறு வைக்கிறீங்களா, காக்காகிட்ட சோறு கேக்குறீங்களா?" என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குள் இருந்தவரை எல்லாம் வேடிக்கைதான்.

எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். அவள் பெயரிலேயே ஒரு 'க' இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் எழுந்து பெயர் சொல்லும்போது இவளும் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் முதல் அவள் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டாள். பிறகு வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். "வீட்டுல பேசுவாளா சார்? இங்க வாயே திறக்க மாட்டேங்குறா" என்று ஆசிரியை கேட்டார். வீட்டில் அவள் வாயை மூட மாட்டாள் என்பதை அவர் நம்பவே இல்லை. சொந்தப் பெயரைச் சொல்ல ஒரு குழந்தை பயப்படுகிறது என்றால் அது வேடிக்கையின் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த வாரமே ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் நேரம் வாங்கினோம்.

முதல் நாள் மேடம் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். கடைசியில் தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார். நான் அசந்துபோனேன். ஏதோ வாய்க்கு வந்தபடி பேசுகிறாள் என்று ஊர் சொன்னதே, அது உண்மையில்லை. சொல்லின் முதலில் வந்தாலும் நடுவில் வந்தாலும் 'க' என்றால் 'த'. மற்ற எழுத்துகளில் ஒரு குறையும் இல்லை. பிழையிலும் அப்படி ஓர் ஒழுங்கு!

நம் பிசிக்ஸ் லேபில் ஸ்குரூ காஜை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அளவும் கன்னாபின்னாவென்று மாறினால் அந்தக் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லா அளவிலும் ஒரே மாதிரி தப்பு வந்தால் அதற்குப் பெயர் ஜீரோ எரர். அதைத் திருத்தலாம். பெரும்பாலான குழந்தைகளின் உச்சரிப்புப் பிழையில் இப்படி ஒரு விதி ஒளிந்திருக்கிறது. நாக்கின் பின்பக்கம் எழ வேண்டிய ஒலிகளை எல்லாம் முன்பக்கத்துக்கு மாற்றிவிடும் விதி இவளுடையது. உலகம் முழுக்கக் குழந்தைகளிடம் காணப்படும் விதிதான். பலருக்கு மூன்றரை, 4 வயதுக்குள் தானாகவே போய்விடும். போகாதவர்களுக்கு உதவி தேவை.

அடுத்து மேடம் கேட்ட முதல் கேள்வி வாயைப் பற்றியது அல்ல, காதைப் பற்றியது. "கேட்கும் திறன் சோதனை பண்ணியாச்சா?" உச்சரிப்பில் சந்தேகம் என்றால் முதலில் காது. இது விதிவிலக்கில்லாத விதி. நாம் கம்யூனிகேஷன் தாளில் படித்ததே இதற்கு உதாரணம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ்' என்ற ஒலியின் பெரும்பகுதி சக்தி அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் போனில், "எஸ்ஸா, எஃப்பா? சரியாச் சொல்லுங்க" என்று கத்தினோம். உயர்ந்த அதிர்வெண் மட்டும் கேட்காத ஒரு குழந்தை, வாழ்நாள் முழுக்க அந்தப் பழைய போன் வழியாகவே உலகத்தைக் கேட்கிறது. கதவு தட்டினால் திரும்பும். பேர் சொன்னால் திரும்பும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் கேட்காத ஒலியை அது எப்படிச் சொல்லும்? அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கும் கேட்பது கூடிக் குறையும். என் மகளை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை வாளியில் போடச் சொன்னார்கள். விளையாட்டுப் போலவே பரிசோதனை முடிந்தது. காது நன்றாக இருந்தது.

பிறகு வாய். மேலண்ணத்தில் பிளவு இருந்தால் காற்று மூக்கு வழியே கசியும். ப, த, க போன்ற வல்லெழுத்துகளுக்கு வேண்டிய அழுத்தம் வாயில் சேராது. அதற்கு முதலில் அறுவைசிகிச்சை, அப்புறம்தான் பயிற்சி. இவளுக்கு அந்தக் குறையும் இல்லை. நாக்கு நன்றாக அசைந்தது. சிக்கல் தசையில் இல்லை. ஒலியை எங்கே உண்டாக்குவது என்று மூளை போட்டுவைத்த வரைபடத்தில் இருந்தது.

வரைபடம் என்றதும் நமக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வர வேண்டும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பிறப்பியலை, அந்தப் பயிற்சி அறையில் உட்கார்ந்த பிறகுதான் நான் புரிந்து படித்தேன். 'க'வுக்கு நாக்கின் அடிப்பகுதி அண்ணத்தின் அடிப்பகுதியைத் தொட வேண்டும். 'த'வுக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் அடியில் பரந்து ஒற்ற வேண்டும். ர, ழ இரண்டுக்கும் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருட வேண்டும் என்கிற கருத்தை அது எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது! எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில், தன் வாய்க்குள் தானே கவனித்து எழுதியது அது.

எம்.ஆர்.ஐ. உள்ள காலத்திலும் நம் ஆட்கள் சும்மா இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, பின்னாளில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஸ்ரீகாந்த் நாராயணன், இன்னும் இருவரோடு சேர்ந்து, தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் சொல்லும்போது நாக்கு என்ன வடிவம் எடுக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. முதலிய கருவிகளால் அளந்து, 1999-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். இந்த வகையில் ஐந்து ஒலிகளைப் பிரித்துச் சொல்லும் மொழி உலகத்திலேயே அபூர்வம். பெரியவர்கள் பேசும்போது வினாடிக்கு 10 முதல் 15 ஒலிகள் வரை வந்து விழுகின்றன. இத்தனையையும் ஒரு குழந்தை யாரும் பாடம் எடுக்காமலே பிடித்துக்கொள்கிறதே, அதுதான் அதிசயம். ஓர் எழுத்து தவறினால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இனி பயிற்சிக்கு வருகிறேன். "சொல்லு, கா! கா சொல்லு!" என்று நாம் எல்லோரும் செய்வது இருக்கிறதே, மேடம் முதலில் தடுத்தது அதைத்தான். காரணம் இருக்கிறது. 1960-ல் ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சின்னப் பையனைப் பற்றி எழுதினார்கள். அவன் தன் பிளாஸ்டிக் மீனை, 'ஃபிஷ்' என்று சொல்ல வராமல் 'ஃபிஸ்' என்பான். பெரியவர் ஒருவர், "இது உன் ஃபிஸ்ஸா?" என்று கேட்டால், இல்லை என்று மறுப்பான். "ஃபிஷ்ஷா?" என்றால், "ஆமாம், என் ஃபிஸ்!" என்பான். அதாவது அடுத்தவர் சொல்லும் தப்பு அவனுக்குக் கேட்கிறது. தான் சொல்லும் தப்பு கேட்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அவன் சரியாகத்தான் சொல்கிறான். அவனிடம் போய், "தப்பு, திரும்பச் சொல்லு" என்றால் அவனுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால் முதல் படி காதுப் பயிற்சி. மேடம் இரண்டு டப்பா வைத்தார். ஒன்றில் காக்கா படம், இன்னொன்றில் தாத்தா படம். அவர் 'கா' என்றால் காக்கா டப்பாவில் சோழி போட வேண்டும். 'தா' என்றால் தாத்தா டப்பாவில். குழந்தை ஒரு வார்த்தை பேச வேண்டாம், கேட்டால் போதும். 3 வாரம் இதுவேதான். "பேசவே வைக்கலையே மேடம்?" என்று கேட்டேன். "ரிசீவர் சரியா இருக்கான்னு பார்க்காம டிரான்ஸ்மிட்டரைத் திருகுவீங்களா சார்?" என்றார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அதன் பிறகு அவர் சொன்னதற்கு நான் மறுப்புச் சொன்னதே இல்லை.

இரண்டாவது படி, ஒலியை உண்டாக்குவது. மகளைப் பாயில் மல்லாந்து படுக்க வைத்தார். புவிஈர்ப்பில் நாக்கு கொஞ்சம் பின்னால் சரியும். வாயைத் திறந்து தண்ணீர் கொப்பளிப்பதுபோல் தொண்டையில் சத்தம் போடச் சொன்னார். பிறகு ஒரு தட்டையான குச்சியால் நாக்கின் நுனியை மெதுவாகக் கீழே பிடித்துக்கொண்டு, 'தா' சொல்லச் சொன்னார். நுனி எழ வழியில்லை. அப்போது நாக்கின் பின்பக்கம் எழுந்தது. 'க்...' என்று கரகரவென ஒரு சத்தம். பிறந்து நான்கரை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'க்'. அவளே திகைத்துப் போய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இதை வீட்டில் யாரும் ஸ்பூனை வைத்து முயற்சி செய்ய வேண்டாம். எந்தக் குழந்தைக்கு எந்த வழி என்று பார்த்து முடிவு செய்வதுதான் அவர்கள் படித்த படிப்பு.

மூன்றாவது படி, அந்த ஒலியைப் படிப்படியாக ஏற்றுவது. தனி ஒலி, அப்புறம் அசை, அப்புறம் சொல், சொற்றொடர், வாக்கியம், கடைசியில் சாதாரணப் பேச்சு. இந்த ஏணியை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கர். 1939-ல் அவருடைய பேச்சுத் திருத்தம் பற்றிய பாடநூல் வெளிவந்தது. இன்னொரு செய்தி: அவரே திக்குவாய் உள்ளவர். இன்று வேறு பல முறைகள் வந்துவிட்டாலும் அந்த ஏணி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஏணியில் கஷ்டமான படி கடைசிப் படி. அறைக்குள் 'காக்கா' என்று மணி மணியாகச் சொல்லுவாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும், "அப்பா, அதோ தாத்தா!" என்பாள். இது பிடிவாதம் இல்லை. புதுச் சாலை போட்டாலும் கால் பழைய ஒற்றையடிப் பாதையில்தானே போகும்? புதியது பழக வேண்டும். அதற்கு நிறைய முறை, அடிக்கடி, சிறிது நேரம் என்பதே சூத்திரம். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக 2 மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினமும் காலையில் 10 நிமிஷம், மாலையில் 10 நிமிஷம் நல்லது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிக்கிற நம் முறை இதற்கு உதவாது!

வீட்டுப் பயிற்சியை என் அம்மா எடுத்துக்கொண்டார். பல்லாங்குழியை எடுத்து வைத்து, ஒவ்வொரு குழியில் சோழி போடும்போதும் ஒரு 'க' சொல்: கல், கதவு, கரண்டி, கிளி, குடை. ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எண்ணினால் நூறைத் தாண்டும். பாடம் என்றே அவளுக்குத் தெரியாது. சாதாரணமாகப் பேசும்போது தப்பு வந்தால் கண்டிக்கக் கூடாது, நாம் சரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மேடம் சொன்ன இன்னொரு விதி. "தாத்தா பறந்து போச்சு" என்றால், "ஆமாண்டி, காக்கா பறந்துபோச்சு. காக்கா எங்க போச்சு?" அவ்வளவுதான். காதில் சரியான ஒலி விழுந்துகொண்டே இருக்கும். குழந்தையின் மனமும் நோகாது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்துக்குத் தயாரித்த படஅட்டைகள் சொல்லின் முதல், நடு, இறுதி என்று மூன்று இடங்களிலும் பயிற்சி தரும். நம் மொழியில் 'க்' என்று முடியும் சொல்லே கிடையாது. அதற்குப் பதில் அக்கா, பாக்கு என்று இரட்டிக்கும்; தங்கம், மாங்காய் என்று இனமெல்லெழுத்தோடு வரும்; அகம், முகம் என்று மெலியும். எழுத்து ஒன்று, ஒலி மூன்று. ழ, ள, ண, ற நான்கும் சொல்லுக்கு முதலில் வரவே வராது. ஆகவே 'ழ'வுக்குத் தமிழ், யாழ், கூழ் என்று கடைசியிலிருந்து தொடங்கலாம். இரண்டு ஒலிகளின் வேறுபாட்டை உணர்த்த மழை-மலை, படம்-பழம், வால்-வாள், கல்-பல் என்று ஜோடி ஜோடியாகச் சொற்கள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. ஆப்பிளும் அலிகேட்டரும் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு தமிழ்க் குழந்தைக்குப் பயிற்சி தருவது, சைக்கிளுக்கு லாரி டயர் மாட்டுவது மாதிரி.

'ழ' என்றதும் ஹாஸ்டல் நினைவு வந்திருக்கும். என் அறையில் மதுரைக்காரன் 'வாளப்பளம்' என்பான். சென்னைக்காரன் 'வாயப்பயம்' என்பான். இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். பழம் மட்டும் மெஸ்ஸில் ஒன்றுதான்! இருவருக்கும் தெரபி தேவையா என்றால், தேவையில்லை. அது அவர்கள் ஊர்ப் பேச்சு. வீட்டில் எல்லோரும் அப்படிப் பேசும்போது குழந்தையும் அப்படிப் பேசினால், அது தன் ஊரைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். மேடைக்காகவோ, வேலைக்காகவோ 'ழ' கற்றுக்கொள்வது அவரவர் விருப்பம். ஊர் வழக்கையும் உச்சரிப்புக் குறையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதுபோல நம்மிடையே உலவும் வேறு சில நம்பிக்கைகள். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று வருஷக்கணக்கில் காத்திருப்பது. நாக்கில் வசம்பு உரசித் தடவுவது. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு அழகான பெயர் உண்டு. ஆனால் உச்சரிப்பை அது வளர்க்காது. "நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டாச் சரியாப் போகும்" என்பது இன்னொன்று. உச்சரிப்புக் குறைக்கு நாக்கு ஒட்டு காரணமாக இருப்பது அபூர்வம். அதை நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். விசில் ஊதுவது, பலூன் ஊதுவது எல்லாம் நல்ல விளையாட்டு. ஆனால் ஊதப் பழகினால் ஊத வரும், 'க' சொல்லப் பழகினால்தான் 'க' வரும். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் பேசுவதால் உச்சரிப்பு கெடும் என்பதும் சரியில்லை. இரண்டு மொழி பேசுவதால் இந்தக் குறை உண்டாவதில்லை.

எப்போது போக வேண்டும்? காது கேட்பதில் சந்தேகம் என்றால் எந்த வயதாக இருந்தாலும் உடனே. பேச்சு மூக்கால் வந்தால் உடனே. 4 வயதாகியும் வெளியாளுக்குப் புரியவில்லை என்றால் போக வேண்டும். எந்த வயதிலும், குழந்தை பேசவே கூச்சப்பட்டு ஒதுங்கினால் போக வேண்டும். பள்ளிக்குப் போன பிறகும் குறை நீடித்தால் அது வாசிப்பையும் எழுத்தையும் பாதிக்க வாய்ப்பு உண்டு. 'தாது' என்று சொல்லும் குழந்தை, தன் காதை நம்பி 'தாது' என்றுதான் எழுதும்.

எங்கே போக வேண்டும்? 1965-ல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் நாடறிந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே கட்டணம் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 2005-ல் ஏற்பட்ட மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. பெயரை முழுசாக, இனிஷியலோடு, கேட்காதவர்களுக்கும் சொல்லுகிறாள். ஆனால் நான் இங்கே நிற்பதற்குக் காரணம் அவள் மட்டும் இல்லை.

அதே அறையில் எங்களுக்கு அடுத்த நேரத்தில் ஒரு பையன் வருவான். 6 வயது. அண்ணப் பிளவுக்கு அறுவைசிகிச்சை முடிந்து பயிற்சிக்கு வந்தவன். அவன் அம்மா நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர். 2 பஸ் மாறி வருவார். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பையன் 'ப' சொல்லப் பழகி, 'பா' சொல்லி, 'அப்பா' வரைக்கும் வந்துவிட்டான். அதன் பிறகு ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நடவுக் காலம். மேடம் போன் செய்து பார்த்தார். "பொழப்பு முடிஞ்சதும் கூட்டியாறேம்மா" என்றாராம் அந்த அம்மா. எங்கள் பயிற்சி முடியும்வரை அவர்கள் வரவில்லை. என் மகளைவிட அவனுக்குத் தேவை அதிகம். எங்களுக்கு இருந்த பைக்கும் லீவும் பல்லாங்குழிப் பாட்டியும் அவனுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால் இந்தச் சபையின் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

ஒன்று, தம்பி தங்கைகளுக்கு. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். தமிழ்ச் சொற்களுக்கான படஅட்டைகளும், சரியான உச்சரிப்பின் ஒலிப்பதிவும், நெட் இல்லாமலே சாதாரண செல்போனில் ஓடும் ஒரு செயலியும் செய்யுங்கள். முதலில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள். துணிச்சல் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கு: பேச்சை அறியும் மென்பொருள்கள் பெரும்பாலும் பெரியவர்களின் குரலில் பழகியவை. குழந்தையின் குரல்வழி சிறியது, அதிர்வெண்கள் உயர்ந்தவை; அதனால் அவை தடுமாறுகின்றன. தமிழ்க் குழந்தையின் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒரு கருவி செய்தால் அது உண்மையான பொறியியல்.

இரண்டு, சங்கத்துக்கு. நாம் ஆண்டுதோறும் வசூலிக்கும் நிதியில் ஒரு பங்கை, பயிற்சிக்கு வரும் ஏழைக் குழந்தைகளின் பஸ் கட்டணத்துக்கும் தாயின் அன்றைய கூலிக்கும் ஒதுக்கலாம். மருத்துவமனை இலவசமாக இருக்கலாம். அங்கே போய்ச் சேர்வது இலவசம் இல்லை. 2020-க்குப் பிறகு வீடியோ வழியாகவும் பயிற்சி நடக்கிறது. கிராமத்து நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு கணினியும் நல்ல இணைய இணைப்பும் வைத்துக்கொடுத்தால் அந்த அம்மா 2 பஸ் மாற வேண்டாம். இது நம் துறை வேலை, நம்மால் முடியும்.

மூன்று, எல்லோருக்கும். வீட்டுக்கு வரும் குழந்தை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். அதே போலப் பேசிக்காட்டிக் கொஞ்சாதீர்கள். சொந்தக்காரர் முன்னால் நிறுத்தி, "எங்க, இன்னொரு தடவை சொல்லு" என்று வேடிக்கை காட்டாதீர்கள். நின்று, அது சொல்ல வருவதை முழுக்கக் கேளுங்கள். பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு, "காது ஒரு தடவை பார்த்துடலாமே" என்று மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.

 மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மேடையிலிருந்தே எனக்குச் சிக்னல் வருகிறது. சங்கத்தின் கூட்டத்தில் அந்த இரண்டாவது வேண்டுகோளைத் தீர்மானமாகக் கொண்டுவரச் செயலாளர் அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். கை தூக்க வேண்டியவர்கள் நீங்கள்.